சாயமில்லாமல் நிறம்: ஜப்பானிய வாள் அணிகலனில் ஒரு கொஸுகாத் தகடு செய்வது எப்படி

ஜப்பானிய வாளின் உறையில், பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதற்குள் ஒரு சிறு கத்தி செருகியிருக்கும். அந்தக் கத்தியின் கைப்பிடிக்குத்தான் கொஸுகா என்று பெயர். ஏறத்தாழ 9.7 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். விரல் அளவே உள்ள அந்த இடத்துக்குள் கருத்த இரவும் வெள்ளி நிலவும் சிவந்த இலையும் சாம்பல் மூடுபனியும் சேர்ந்த ஒரு முழுக் காட்சியைப் பார்க்கலாம். எதற்கும் சாயம் பூசவில்லை. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு உலோகம்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கவேண்டியது ஒன்றுதான். நிறம் கடைசி நாளில்தான் வரும். செதுக்கும் வாரங்களில் உங்கள் முன்னால் இருப்பது செம்பும் செம்பு மாதிரியே தெரியும் இன்னொரு கலவையும்தான். எது கருப்பாகப் போகிறது, எது சாம்பலாகப் போகிறது என்பது உங்கள் மனக்கண்ணில் மட்டும் இருக்கும். உளி பிடிப்பது, குழி வெட்டுவது, தேய்ப்பது என்று இடையில் வரும் எல்லாமே, தகட்டை ஒரு கரைசலில் இறக்கி நிறமேற்றும் அந்தக் கடைசிக் குளியலுக்கான தயாரிப்பு. நடுவில் விட்ட குறை அன்றைக்குத் தெரியாது. குளியலில் இறங்கியதும் பளிச்சென்று தெரியும்.

இங்கே ஒரு கொஸுகா முகத்தகடு செய்யும் முறையைச் சொல்கிறேன். வாள் வேண்டாம், கத்தி அலகும் வேண்டாம். வெறும் தகடு போதும்.

கொஞ்சம் பின்னணி

வாளில் உலோக அணிகள் பல உண்டு. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் தட்டு ட்சுபா. கைப்பிடியின் அடியில் ஃபுச்சி, தலையில் காஷிரா. பிடிக் கயிற்றுக்கு அடியில் இரண்டு சின்ன உருவங்கள், அவை மெனுகி. உறையின் ஒரு பக்கம் கொஸுகா, மறுபக்கம் கூந்தலைச் சரிசெய்யும் குச்சி போன்ற கோகாய். கொஸுகா, கோகாய், மெனுகி மூன்றையும் ஒரே கருப்பொருளில் செட்டாகச் செய்வது பழைய வழக்கம்.

இந்த வேலையில் முதலில் வரும் பெயர் கோட்டோ யூஜோ (1440–1512). ஜப்பானை ஆண்ட படைத்தலைவர், அதாவது ஷோகன், அஷிகாகா யோஷிமாசாவிடம் பணி செய்தவர். அவர் குடும்பம் மெய்ஜி காலம் (1868–1912) வரை, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக இதே தொழிலில் இருந்தது. கருத்த தரையில் மணிமணியாகப் புள்ளி அடித்து, அதன்மேல் தங்கத்தில் சிங்கமும் டிராகனும் எழும்பி நிற்பது அவர்கள் பாணி. அரண்மனைக்கு ஏற்ற, அடக்கமான, கம்பீரமான வேலை.

அதற்கு மாற்றாக வந்தவர் யோகோயா சோமின் (1670–1733). ஷோகன் அரசின் மானியத்தை விட்டுவிட்டு, எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) சொந்தமாக வேலை செய்தார். தூரிகைக் கோடு மாதிரி தடித்தும் மெலிந்தும் ஓடும் செதுக்கலை உலோகத்தில் கொண்டுவந்தவர் அவர்தான். நாம் புல் செதுக்கப்போவதும் அந்த வழியில்தான்.

1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. ஒரே நாளில் ஒரு தொழிலுக்கே வாடிக்கையாளர்கள் இல்லாமல் போனார்கள். ஆனாலும் கை நிற்கவில்லை. பூச்சாடி, புகைக்குழல், இடைக்கச்சை அணி என்று வேலை திசை மாறியது. வாள் அணியில் வளர்ந்த கானோ நட்சுவோ (1828–1898) மெய்ஜி அரசின் புது நாணயங்களுக்கு வடிவம் செய்தார். பிறகு டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் இருந்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் நட்சுவோதான். அவர் தகடுகளில் பாதிக்கு மேல் வெறும் இடமாக இருக்கும். அந்த வெறுமையை அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பார்ப்பதே பெரிய பாடம்.

முதலில் உலோகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

நமக்கு வேண்டியவை நான்கு.

தூய செம்பு, தரைக்கு. குளியலுக்குப் பின் செங்காவி கலந்த வெதுவெதுப்பான நிறம் தரும். மின்கம்பிக்குப் பயன்படும் தரமான செம்பே போதும்.

தூய வெள்ளி, நிலவுக்கு. குளியலில் அது மாறாது, வெள்ளையாகவே நிற்கும். தங்கமும் அப்படித்தான்.

ஷகுடோ. செம்பில் தங்கம் கலந்தது. நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு தங்கம் வழக்கமான அளவு. வெட்டும்போது கொஞ்சம் மங்கிய செம்பு மாதிரிதான் இருக்கும். குளியலில் இறங்கியதும் ஊதா ஓடும் ஆழ்ந்த கருப்பாகிவிடும். ஜப்பானில் இதற்குக் காக்கைத் தங்கம் என்று பொருள்படும் உகின் என்ற பெயரும் உண்டு. பெயர் அவ்வளவு பொருத்தம்: வெயிலில் காக்கை கழுத்தைத் திருப்பும்போது கருப்புக்குள் ஒரு நீலம் ஓடுமே, அதே நிறம்.

ஷிபுஇச்சி. பெயருக்கு நாலில் ஒன்று என்று பொருள். செம்பு மூன்று பங்கு, வெள்ளி ஒரு பங்கு. நிறம் சாம்பல். மங்கிய நிலவொளியைக் குறிக்கும் சொல்லால் ஓபோரோகின் என்றும் அழைப்பார்கள். முதல் தகட்டுக்கு இது கட்டாயமில்லை. அடிக்கும்போது விரிசல் விடும் குணம் உள்ளது, அதனால் இரண்டாவது தகட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்செனிக் கலந்த செம்பும் இந்த மரபில் உண்டு. வீட்டில் அதை உருக்கவே உருக்காதீர்கள். புகை உயிருக்கு ஆபத்து.

சரி, ஏன் இந்த நிறங்கள்? குளியலில் செம்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. வெறும் செம்பில் அது சிவப்பு. ஷகுடோவில் அதே படலத்துக்குள் தங்கத்தின் நுண்துகள்கள் மாட்டிக்கொள்கின்றன. அவை ஒளியை விழுங்குவதால் கருப்பு. அதாவது அந்தத் தங்கம் மின்னுவதற்காகச் சேர்த்ததல்ல, கருப்பாக்குவதற்காகச் சேர்த்தது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவிகள்

ஜப்பானிய உளிக்குத் தாகானே என்று பெயர். கடையில் வாங்குவதைவிடத் தானே செய்துகொள்வதுதான் வழக்கம். 5 மில்லிமீட்டர் சதுரக் கருவி எஃகுக் கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியை அரத்தால் வடித்து, செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் முக்குங்கள். பிறகு நுனியைப் பளபளப்பாக்கி, வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடும்வரை மெதுவாகச் சூடாக்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் அடியிலேயே நுனி உடையும். தொடங்க ஐந்து உளி போதும்: முக்கோண நுனியில் ஒன்று, தட்டை நுனியில் அகலமாக ஒன்றும் குறுகலாக ஒன்றும், ஓரத்தைத் தள்ள மழுங்கிய நுனியில் ஒன்று, குழியின் அடியைச் சுரண்ட வளைந்த நுனியில் ஒன்று.

சுத்தியல் சின்னதாக, லேசாக இருக்கட்டும். வேகமான சின்னத் தட்டல்களால்தான் கோடு ஓடும். ஓங்கி அடித்தால் அது கடப்பாரை வேலையாகிவிடும்.

தகட்டைப் பிடித்துவைக்க அரக்கு வேண்டும். ஜப்பானில் பைன் பிசினும் சுட்ட மண்தூளும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து செய்கிறார்கள். குங்கிலியம், செங்கல்தூள், எண்ணெய் சேர்த்துப் பத்தர் பட்டறைகளில் காய்ச்சும் அரக்கும் இதே வேலையை ஒழுங்காகச் செய்யும். கையால் தட்டினால் கல் மாதிரியும், உளியால் தட்டும்போது கொஞ்சம் இடம் கொடுப்பதாகவும் இருந்தால் பதம் சரி. மழைக்காலத்தில் மண்தூளைக் குறைத்து, வெயில் காலத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

இவை தவிர மெல்லிய இழை ரம்பம், சின்ன அரங்கள், கம்பியச்சு, மூசை (உலோகம் உருக்கும் கலம்), கேஸ் பர்னர், வெங்காரம் (போராக்ஸ்). கண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடி கட்டாயம்.

படி 1: படம்

முசாஷினோ என்பது இன்றைய டோக்கியோ இருக்கும் சமவெளி. அங்கே நிலவு ஒதுங்க மலை கிடையாது, புல்லிலிருந்து எழுந்து புல்லுக்குள்ளேயே இறங்கும் என்று பழைய ஜப்பானியப் பாட்டு வழக்கு சொல்கிறது. திரைச்சீலையிலும் அரக்குப் பெட்டியிலும் ட்சுபாவிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். நாமும் இதையே எடுத்துக்கொள்வோம்: தகட்டின் ஒரு கோடியில் பாதி புல்லில் மறைந்த நிலவு, மறுகோடியில் தனியாக ஒரு காட்டு வாத்து, நடுவில் எதுவும் இல்லை.

தகட்டின் உண்மையான அளவிலேயே வரையுங்கள். பெரிதாக வரைந்து சுருக்கினால் கோடுகள் நெருங்கிப் போய் உளிக்கு இடமில்லாமல் போகும். நிலவு 9 மில்லிமீட்டர் விட்டம். வாத்து சிறகு விரித்து 8 மில்லிமீட்டர். புல் ஐந்தாறு கோடு, அதற்குமேல் வேண்டாம். கை துருதுருக்கும், இன்னும் இரண்டு கோடு போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள்.

படி 2: உருக்கலும் தகடும்

தரைக்கு 97 × 14.5 மில்லிமீட்டர் அளவில், 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் செம்புத் தகடு. எடை சுமார் 15 கிராம் வரும். இதே தகட்டை முழுக்க ஷகுடோவில் செய்ய வேண்டுமென்றால் 4 பங்குக் கணக்கில் 0.6 கிராம் தங்கம் ஆகும். பலர் நினைக்கிற அளவுக்குச் செலவில்லை. ஆனால் முதல் தடவை செம்பிலேயே பழகுங்கள்.

வாத்துக்கு 10 கிராம் ஷகுடோ உருக்கினால் தாராளம்: 9.6 கிராம் செம்பு, 0.4 கிராம் தங்கம். தங்கம் 24 கேரட்டாக இருக்க வேண்டும். பழைய நகைத் துண்டில் வெள்ளியும் வேறு உலோகங்களும் கலந்திருப்பதால் கருப்பு கெட்டுப்போகும். மூசையில் வெங்காரத்தோடு செம்பை முதலில் உருக்கி, முழுக்க நீரானதும் தங்கத்தைப் போட்டு, கிராஃபைட் குச்சியால் கிளறி, சூடாக்கி எண்ணெய் தடவிய இரும்பு அச்சில் ஊற்றுங்கள். சுடுநீருக்குள் துணி விரித்த அச்சில் ஊற்றுவது ஜப்பானிய மரபு. கட்டி அழகாக, மேற்பரப்பு சுத்தமாக வரும். ஆனால் உருகிய உலோகமும் நீரும் சேரும் இடம் அது. பழகிய கை பக்கத்தில் இல்லாமல் முயலவேண்டாம்.

கட்டியை அடித்து அல்லது உருளையில் விட்டு 0.7 மில்லிமீட்டராக்குங்கள். இறுக ஆரம்பித்ததும் மங்கிய செந்தணல் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மேல்கரியைப் படிக்காரம் கரைத்த சுடுநீரிலோ புளிக்கரைசலிலோ போட்டு எடுக்கலாம். வெள்ளித் தகடும் 0.7 மில்லிமீட்டரே.

இங்கே ஒரு பழக்கத்தை ஆரம்பித்துவிடுங்கள். செம்பு, ஷகுடோ, வெள்ளி மூன்றிலும் சின்னத் துண்டுகளை ஒதுக்கி, துளைபோட்டு, செம்புக் கம்பியில் கோர்த்து வையுங்கள். கடைசிக் குளியலில் முதலில் இறங்கப்போவது இவைதான்.

படி 3: நிலவைப் பதிப்பது

தட்டையாகப் பதிக்கும் இந்த முறைக்கு ஹிரா ஸோகான் என்று பெயர். ஒட்டு இல்லை, பற்றவைப்பும் இல்லை. ஒரு உலோகம் இன்னொன்றைக் கவ்விப் பிடிக்கிறது. வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அதனால் நிதானமாகப் போவோம்.

வெள்ளி வட்டத்தை ரம்பத்தால் அறுத்து, ஓரத்தை அரத்தால் சீராக்குங்கள். ஓரம் நேராக இருக்கக் கூடாது. மேல்பக்கம் கொஞ்சம் குறுகி, அடிப்பக்கம் கொஞ்சம் அகன்று இருக்க வேண்டும், கவிழ்த்த தட்டுபோல. அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி அதைத் தரைத்தகட்டில் வைத்து, சுற்றிலும் கூர்ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். கண்ணளவில் வட்டம் போட்டுவிட்டுப் பிறகு வெள்ளியை அதற்குப் பொருத்தப் பார்த்தால் ஒருநாளும் பொருந்தாது.

தகட்டை அரக்கில் பதித்து ஆறவிடுங்கள். கீறிய கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே, முக்கோண உளியால் சுற்றிலும் வெட்டுங்கள். பிறகு தட்டை உளியால் உள்ளிருப்பதைச் சீவி எடுத்து 0.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழியாக்குங்கள். ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளியை வைத்துப் பார்த்தால் 0.2 மில்லிமீட்டர் மேலே நிற்கும். அது சரியான அளவு.

அடுத்தது சுவர். தட்டை உளியின் நுனியைக் குழியின் அடிமூலையில் வைத்து, வெளிப்பக்கமாகச் சாய்த்து, சுற்றிலும் மெதுவாகத் தட்டிவாருங்கள். அடி அகன்று, மேல்விளிம்பு உதடுபோல எழும்பும். அந்த உதடுதான் பூட்டு. வெள்ளியைச் சூடாக்கி மென்மையாக்கி, குழியில் இறக்குங்கள். மழுங்கிய உளியால் உதட்டை வெள்ளியின் சாய்ந்த ஓரத்தின்மேல் மடக்குங்கள். ஒரே பக்கமாகச் சுற்றாமல் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எதிரெதிராக மடக்கினால் வெள்ளி நகராது. கடைசியில் வெள்ளியின் மேலேயே சுத்தியலால் லேசாகத் தட்டினால் அது பக்கவாட்டில் பரவி இடுக்கை நிரப்பும்.

அரத்தால் மட்டமாக்கிப் பாருங்கள். வெள்ளிக்கும் செம்புக்கும் நடுவே கருப்புக் கோடு தெரிந்தால் இடைவெளி இருக்கிறது என்று பொருள். பதறவேண்டாம். பக்கத்துச் செம்பை உளியால் அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினால் மூடிக்கொள்ளும். மூடாமல் விட்டுவிட்டால் குளியல் நீர் அதற்குள் தங்கி, சில வாரம் கழித்துப் பச்சையாகக் கசியும்.

வாத்தும் இதே முறைதான். சிறகு நுனி கூர்மையாக இருப்பதால் மடக்கும்போது அங்கே மட்டும் சிறிய உளியால் வேலை செய்யுங்கள். உருவத்தைத் தகட்டின் மேலே புடைத்து நிற்கவைக்கும் தகா ஸோகானும் உண்டு. கோட்டோ வேலைகளின் பெருமையே அதில்தான். ஆனால் அதற்கு உருவத்தைப் பின்பக்கமிருந்து தட்டி எழுப்ப வேண்டும். அது தனிப் படிப்பு.

படி 4: ஒரு தங்கக் கம்பி, விருப்பப்பட்டால்

ஒரே ஒரு புல்தண்டைத் தங்கக் கம்பியில் வைக்கலாம். 0.4 மில்லிமீட்டர் கம்பி. முக்கோண உளியால் ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் இரு அடிமூலைகளையும் வெளிப்பக்கம் தள்ளி அகலமாக்குங்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஆற்றி, வாய்க்காலில் வைத்து, தட்டை முகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தட்டிக்கொண்டே போங்கள். இரு முனையிலிருந்தும் நடுவுக்கு வந்தால் நடுவில் கம்பி கூன்போடும்.

படி 5: மட்டமாக்குதல், அப்புறம் புல்

பதிப்பெல்லாம் முடிந்தபிறகு முழுத் தகட்டையும் அரத்தாலும் சுரண்டியாலும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 600-ஆம் எண் நீர்உப்புத்தாள் வரை போய்விட்டு நிறுத்துங்கள். இப்போதுதான் கோடு செதுக்க வேண்டும். முன்பே செதுக்கினால் அரம் கோட்டைத் தின்றுவிடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

புல்லுக்கு சோமினின் கதாகிரி முறை. வழக்கமான செதுக்கலில் கோட்டின் இரு சுவரும் ஒரே சாய்வு. கதாகிரியில் ஒரு சுவர் செங்குத்து, மறுசுவர் சரிவு. தட்டை நுனி உளியின் ஒரு மூலையை மட்டும் உலோகத்தில் இறக்கி ஓட்ட வேண்டும். உளியைச் சாய்க்கச் சாய்க்கக் கோடு அகலும், நிமிர்த்தினால் மெலியும். புல் தரையில் அகலமாகத் தொடங்கி, நுனியில் மூச்சு விடுவதுபோல மெலிந்து மறைய வேண்டும். வெளிச்சம் சரிவில் விழுந்து செங்குத்துச் சுவரில் நிழலாவதால், ஒரே வெட்டு மை தோய்த்த தூரிகைக் கோடாகத் தெரிகிறது.

ஒருமுறை போட்ட கோட்டைத் திரும்ப வெட்டாதீர்கள். திருத்திய கோடு திருத்தியதாகவே தெரியும். பழைய செம்புத் தகட்டில் நூறு புல் செதுக்கிவிட்டு, பிறகு இந்தத் தகட்டில் ஆறு செதுக்குங்கள். சில புற்கள் நிலவின் மேலேயும் ஓட வேண்டும். பாதி மறைந்த நிலவு என்ற உணர்வு அதில்தான் வருகிறது. அங்கே ஆழம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்; வெள்ளியைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள செம்பு எட்டிப்பார்க்கும்.

கோட்டோ பாணியில் தரை முழுக்க மீன்முட்டைபோல மணிமணியாகப் புள்ளி அடிக்கும் நனாகோவை முதல் தகட்டில் முயலாதீர்கள். நுனி குழிந்த உளியை ஒரு தட்டு தட்டினால் ஒரு மணி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மணிகள், ஆயிரக்கணக்கில், வரிசை பிசகாமல். அதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் இருந்தார்கள். ஒரு மணி சாய்ந்தால் அந்த வரிசையே கண்ணில் உறுத்தும்.

படி 6: தேய்ப்பு

எந்திரத்தில் பாலிஷ் போடாதீர்கள். மெழுகுப் பசை கோடுகளுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், உலோகங்களின் ஓரமும் கலங்கும். நீர்உப்புத்தாளில் 1000, 1500 என்று போய், கடைசியில் மெருகுக் கரியால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஜப்பானில் மக்னோலியா மரக்கரியைக் கட்டியாக வைத்துத் தேய்ப்பார்கள். கரித்தேய்ப்பில் வரும் அமைதியான மழுங்கல் நிறத்தை நன்றாக வாங்கும். கண்ணாடிப் பளபளப்பில் சின்னக் கீறலும் குற்றமாகத் தெரியும்.

அரக்கிலிருந்து எடுத்து, ஒட்டியதைக் கரைப்பானில் முழுக்கக் கழுவுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் ரேகை ஒன்று போதும், நிலவுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு மேகம் வந்துவிடும்.

படி 7: குளியல்

செம்பில் வரும் பச்சைக் களிம்பு நமக்குக் குற்றம். புளிபோட்டுத் தேய்த்துப் போக்குகிறோம். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டிய ஆணவத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். ஜப்பானியக் கைவினைஞர்களோ அந்தக் களிம்பையே எடுத்து மருந்தாக்கினார்கள். ரொகுஷோ என்று அவர்கள் சொல்வது செம்பு அசிட்டேட் வகையைச் சேர்ந்த ஒரு களிம்புதான். ஜப்பானிய நகைக்கருவிக் கடைகளில் தூளாகக் கிடைக்கும்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு ரொகுஷோ 4 கிராம், மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 4 கிராம் என்று தொடங்குங்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு அளவு உண்டு. சிலர் உப்பிட்ட பிளம் பழக் காடியும் துளி சேர்ப்பார்கள். பாத்திரம் செம்பாக அல்லது வெப்பம் தாங்கும் கண்ணாடியாக இருக்கட்டும். சமையலுக்கு அதை மறுபடி எடுக்கக்கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் மூன்றும் வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள்.

இரும்போ எஃகோ இந்த நீரைத் தொடவே கூடாது. நான் ஒருமுறை அவசரத்தில் எஃகு இடுக்கியால் தகட்டைப் பிடித்து எடுத்தேன். இரும்பு பட்டதும் கரைசலில் இருந்த செம்பு வெள்ளியின் மேல் படிந்து, மூன்று வாரம் உழைத்த நிலவு ரோஜா நிறமாகிவிட்டது. முழுத் தகட்டையும் தேய்த்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருந்தது. செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது மூங்கில் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோர்த்துவைத்த சோதனைத் துண்டுகளை இறக்கிப் பாருங்கள். அவை சரியாக நிறம் வாங்கினால்தான் தகடு.

வெள்ளை முள்ளங்கியைத் துருவிக் கூழாக வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைச் சமையல் சோடாவும் தண்ணீரும் விட்டு மென்மையான தூரிகையால் தேயுங்கள். தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக ஓட வேண்டும், அதுதான் எண்ணெய்ப்பசை போனதற்கு அடையாளம். கழுவிய ஈரத்தோடு முள்ளங்கிக் கூழை முழுக்கப் பூசி, காயவிடாமல், அப்படியே கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் கரைசலில் இறக்குங்கள். பூச்சு தானாகக் கழன்றுவிடும். காற்று படாமல், திட்டு விழாமல் நிறம் சீராக ஏறுவதற்கு இந்த முள்ளங்கி பழைய பட்டறைகளிலிருந்து இன்றுவரை கைவிடப்படாத வழி.

தகட்டை அசைத்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் செம்பு ஆரஞ்சாகத் திரும்பும். ஷகுடோ முதலில் பழுப்பு, பிறகு மங்கிய ஊதா, அப்புறம் கருப்பு. எடுத்துப் பாருங்கள், கழுவுங்கள், மறுபடி முள்ளங்கி, மறுபடி குளியல். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் வாத்தைப் பாருங்கள். அது செம்புத் தரையிலிருந்து பிரிந்து, தனியாகப் பறக்க ஆரம்பிக்கும் கணம் ஒன்று வரும். அதுவரை ஒரே நிறமாகக் கிடந்த தகட்டில் திடீரென்று வானமும் பறவையும் இரண்டாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கணம் பழகவில்லை.

திட்டுத்திட்டாக வந்தால் எண்ணெய்ப்பசை மிச்சம் இருக்கிறது. நிறம் சேறுபோல மங்கினால் கரைசல் பழசு அல்லது மிகக் கெட்டி. இரண்டுக்கும் ஒரே மருந்து: கரியால் தேய்த்து நிறத்தை எடுத்துவிட்டு, புதுக் கரைசலில் மறுபடி. படலம் மெல்லியது என்பதால் செதுக்கலுக்குச் சேதம் வராது. வெள்ளியின்மேல் லேசான அழுக்கு மட்டும் இருந்தால் ஈரச் சமையல் சோடாவை விரலுறையில் தொட்டு நிலவை மட்டும் துடையுங்கள்.

பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய கலத்தில் வைத்து, நீர் வற்றவிட்டு, மிச்சத்தை வேதிக்கழிவாக ஒப்படையுங்கள்.

படி 8: முடித்தல்

நல்ல தண்ணீரில் கழுவி, மரத்தூளில் புதைத்தோ வெந்நீர் ஆவி போகும்வரை சூட்டுக்காற்றில் காட்டியோ உலர்த்துங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே மிக மெல்லியதாக மெழுகு தடவிப் பருத்தித் துணியால் துடையுங்கள். ஜப்பானில் இபோடா என்ற பூச்சி மெழுகு பயன்படுத்துவார்கள். தேன்மெழுகும் நடக்கும், ஆனால் நிறம் கொஞ்சம் ஆழமாகும்.

தகட்டை உண்மையான கொஸுகாவாக்க, பின்தகடு வைத்து ஒரு பெட்டிபோலப் பற்றவைத்து, ஒரு முனையில் கத்தி வால் நுழைய இடம் விட வேண்டும். அதைச் செய்வதாக இருந்தால் பற்றவைப்பை நிறமேற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தீ பட்டால் நிறம் நிற்காது. முதல் தகட்டைச் சும்மா ஒரு மரச்சட்டத்தில் வைத்தாலே போதும்.

இரும்பில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

பல ட்சுபாக்கள் இரும்பு. அதில் தங்கம் ஏற்ற நுனோமே ஸோகான் என்ற வேறு வழி உண்டு. இரும்பின் மேல் நான்கு திசைகளிலும் நெருக்கமாகக் கோடு வெட்டி, துணி நெசவுபோல ஆக்கி, மெல்லிய தங்கத் தகட்டை வைத்துத் தட்டினால் அந்தச் சொரசொரப்பு அதைக் கவ்விக்கொள்ளும். கியோட்டோவில் இன்றும் இது உயிரோடு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏழெட்டுக் கோடுகள் வெட்டுவார்கள். நிறத்துக்கு அங்கே வேண்டுமென்றே துருவேற்றி, பிறகு பச்சைத் தேநீரில் கொதிக்கவைத்து அந்தத் துருவை நிறுத்துவார்கள். தேநீரின் துவர்ப்புப் பொருள் துருவைக் கருப்பாக்கிப் பூட்டுகிறது.

பழைய பொருள் கையில் கிடைத்தால்

உண்மையான பழைய கொஸுகாவோ ட்சுபாவோ கிடைத்தால் மேலே சொன்ன எதையும் அதன்மீது செய்யாதீர்கள். பித்தளைப் பாலிஷ், புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் கூடாது. இருநூறு வருடக் கருப்பு ஒரு நிமிடத்தில் செம்பாகிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுங்கள், போதும். பார்த்துக் கற்றுக்கொள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகம், கியோட்டோவின் கியோமிசு சன்னென்சாகா அருங்காட்சியகம் மூன்றும் நல்ல இடங்கள். போக முடியாதவர்கள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் கொஸுகாக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரங்களைப் பாருங்கள், நிலவும் தரையும் சேரும் இடத்தைப் பாருங்கள்.

சோதனைத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கரைசலின் அளவு, நேரம், தேதி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அவற்றோடு கட்டி வையுங்கள். ஷிபுஇச்சித் தரையில் இதே நிலவைப் பதிக்கும்போது முதலில் எடுத்துப் பார்க்கப்போவது அந்த அட்டையைத்தான்.